தரிசுக்கு அட்டை இல்லை

விரிப்பின் நடுவில் கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளை ஜெயபிரியா எடுத்துப் பார்த்தாள். மூன்றுதான் இருந்தன. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவோ என்று விரலால் நெருடிப் பார்த்தாள், விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஆனந்தவள்ளி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு அட்டைகளும் அங்கேதான் கிடந்தன. பச்சை அட்டை நெல், மஞ்சள் அட்டை உளுந்து. கால் மணி நேரத்துக்கு முன்னால் கொடுத்தபோது எப்படி விழுந்தனவோ அப்படியே.

“நான் வைக்கலம்மா” என்றாள்.

“ஏதாவது ஒண்ணு வைக்கணும்மா. நெல்லு, இல்லன்னா உளுந்து.”

“சும்மா போடுததுக்கு அட்டை இல்லியா?”

ஜெயபிரியா தென்காசியிலிருந்து வந்திருந்தாள். ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் அடையாள அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. ஊர் ஊராகப் போய்க் கிணற்றுப் பங்காளிகளைக் கூட்டி உட்காரவைத்துத் தண்ணீர் விளையாட்டு நடத்துவது அவள் வேலை. நெல் வைத்தால் கிணற்றிலிருந்து மூன்று மூடி தண்ணீர் போகும், உளுந்து வைத்தால் ஒரு மூடி. சார்ட் காகிதத்தில் வட்டமாகக் கிணறு வரைந்து அதற்குள் தண்ணீர் பாட்டில்களின் நீல மூடிகளைக் குவித்திருந்தாள். ஓர் ஆட்டம் ஒரு வருடம். வருடம் முடிந்தால் மழை பெய்ததாகச் சில மூடிகளைத் திரும்பப் போடுவாள். நெல் வைத்தவருக்கு வருமானமாக ஒரு கை புளியமுத்து, உளுந்து வைத்தவருக்கு அதில் பாதி. முதல் பாதி ஆட்டத்தில் யாரும் யாரோடும் பேசக் கூடாது, பக்கத்து ஆள் வைப்பதைப் பார்க்கவும் கூடாது. இரண்டாம் பாதியில் பேசிக்கொள்ளலாம். ஆனால் நிலத்தைச் சும்மா போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை போலிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, வைக்க வேண்டாம், தரிசு என்று எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

அந்த ஆட்டத்துக்குத் தண்ணீரும் இல்லை, புளியமுத்தும் இல்லை. ஆனந்தவள்ளிக்கு அது போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சுகிர்தம் காலையிலேயே வந்து, வீட்டுக்குள்ளயே எத்தனை நாளைக்கு இருப்பே, சமுதாயக்கூடத்துல என்னமோ வெளையாட்டாம், ஒவ்வொரு கிணத்துக்காரங்களும் சேர்ந்துதான் உட்காரணுமாம், நீ வரலன்னா எங்களையும் உட்காரவிட மாட்டாவளாம் என்று கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். கையைப் பிடித்து இழுத்தால் ஆனந்தவள்ளி எங்கும் போவாள். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அது அவளிடம் இல்லை.

போன வருடம் ஆனி மாதம் அவள் கணவன் சொரிமுத்து செத்துப்போனான். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்து வயலில் இறங்கியவன். கார் சாகுபடிக்கு நாற்று வளர்ந்து நின்றது. நடவுக்கு ஆள் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பைக்கில் செங்கோட்டைப் பக்கம் போனான். புளியறையிலிருந்து வந்த லாரி ஒன்று அவனை அடித்துப் போட்டுவிட்டது. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய் உடலை வாங்கிக்கொண்டு வந்தவர் அதே கிணற்றில் பங்கு உள்ள ஞானதுரை அண்ணாச்சி. ராஜஸ்தானில் ராணுவத்தில் இருந்த மகன் குற்றாலீஸ்வரன் வந்து சேரும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். காரியம் முடியும்வரை அவர் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. நடாமல் விட்ட நாற்று மஞ்சளாகிக் கணு விட்டுக் கடைசியில் யாருடைய ஆடோ மேய்ந்தது. கார் பருவம் போய், பிசானப் பருவம் போய், மறுபடி கார் வந்து ஆடியும் பிறந்துவிட்டது. வயல் அப்படியே கிடந்தது.

ஆனந்தவள்ளி அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் காதுபடவும் பேசினார்கள். அழக்கூடாது என்று அவள் ஒன்றும் பிடிவாதமாக இருக்கவில்லை. மருந்து போட்டுப் பல் பிடுங்கிய அன்று உதடு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் காப்பி வழிந்ததே, அதுபோல இருந்தது. சாப்பிட்டாள், குளித்தாள், பால்காரனிடம் சில்லறை சரியாக வாங்கினாள். சொரிமுத்து கிணற்றிலிருந்த தன் மோட்டாருக்கு ஒரு செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியிருந்தான். மும்முனைக் கரண்ட் வந்ததும் அது அவன் நம்பருக்குத் தானாகவே கூப்பிடும். ஒரு பொம்பளைக் குரல், மின்சாரம் வந்துவிட்டது, மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும் என்று சொல்லும். மகன் ஸ்டார்ட்டருக்கும் அப்பா போனுக்கும் வருடத்துக்குச் சேர்த்து ரீசார்ஜ் செய்திருந்தான், அப்பா நம்பர் போய்விடக் கூடாது என்று. அதனால் மோட்டார் தினமும் சொரிமுத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் ஆனந்தவள்ளி எடுத்துக் காதில் வைத்தாள். அந்தக் குரல் சொன்னதையே மூன்று தடவை சொல்லிவிட்டுத் தானே வைத்துவிடும். பிறகு எடுப்பதை விட்டுவிட்டாள். போன் அலமாரியில் கிடந்து அடித்து ஓயும்.

மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். வயலை வித்துட்டு எங்கூட வந்துரும்மா என்பான். குத்துக்கல்வலசையைத் தாண்டி வெள்ளைக் கல் நட்டுக் கொடி கட்டிய பிளாட்டுகள் ஊர் எல்லை வரை வந்துவிட்டன. கேட்கிறவர்கள் இருந்தார்கள். பார்ப்போம் என்பாள். பார்ப்போம் என்பது அவளுக்குச் சௌகரியமான சொல்லாக இருந்தது.

இரண்டாவது வருடமும் அவள் அட்டை வைக்கவில்லை. மூன்றாவது வருடமும் இல்லை. பேசக் கூடாது என்ற சட்டம் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலகரத்தில் கடை வைத்திருக்கும் முகம்மது மீரான் ஒவ்வொரு தடவையும் அட்டையை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டுதான் கவிழ்த்தார். அவருக்கு அந்தக் கிணற்றின் கீழ் ஒரு தென்னந்தோப்பு உண்டு. சுகிர்தம் ஒரு தடவை பச்சை, ஒரு தடவை மஞ்சள் என்று வைத்தாள். ஞானதுரை அண்ணாச்சி மூன்று தடவையும் பச்சைதான். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பச்சை அட்டையை எடுக்கும்போது அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பக்கத்து விரிப்பில் வேறொரு கிணற்றுக்காரர்கள் மூன்றாம் வருடமே மூடிகளைக் காலி செய்துவிட்டுச் சட்டத்தையும் மறந்து ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கிணற்றில் மட்டும் மூடிகள் தீராமல் இருந்தன. மூன்று பேர் முன்னாலும் புளியமுத்து குவிந்திருந்தது. ஆனந்தவள்ளியின் முன்னால் விரிப்பின் பூப்போட்ட துணி தெரிந்தது. சுகிர்தம் அதைப் பார்த்துவிட்டுத் தன் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் பக்கம் தள்ளினாள். அப்படிக் கொடுக்கக் கூடாது என்று ஜெயபிரியா சைகை காட்டினாள். சுகிர்தம் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனந்தவள்ளியும் தொடவில்லை. அது யாருக்கும் இல்லாமல் நடுவில் கிடந்தது.

இனிப் பேசலாம் என்று ஜெயபிரியா சொன்னாள். மற்ற கிணறுகளெல்லாம் வற்றிவிட்டன, உங்கள் கிணறு மட்டும் ஏன் வற்றவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்றாள். அவள் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. முகம்மது மீரான் போனை எடுத்து மணி பார்த்தார்.

“ஆனந்தவள்ளி எடுக்கல. அதான்” என்றார் ஞானதுரை.

அதற்குப் பிறகு அவர்தான் பேசினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், கடையில் கணக்குச் சொல்வதுபோல நிதானமாகப் பேசினார். ஆனந்தவள்ளி எப்படியும் வைக்கப்போவதில்லை. ஆக ஒரு பங்குத் தண்ணீர் கிணற்றிலேயே நிற்கிறது. மூன்று பேரும் நெல் வைத்தால் கிணறு தாங்காது. ஒரு வருடம் இரண்டு பேர் நெல், ஒருவர் உளுந்து. அடுத்த வருடம் உளுந்து வைத்தவர் நெல்லுக்கு மாறிக்கொள்ளலாம். இப்படியே சுற்றி வந்தால் மழை குறைந்தாலும் அடி தெரியாது. முகம்மது மீரான் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, சரியாக வருகிறது என்றார். சுகிர்தம் மட்டும் ஆனந்தவள்ளியைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னட்டி, ஒனக்குச் சரிதானா?”

ஆனந்தவள்ளி தலையசைத்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எங்கேயும் தப்பில்லை. அவள் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே இல்லாதவளாக வைத்துப் பேசுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. எங்கோ இருக்கும் ஒருத்தியைப் பற்றிப் பேச்சு நடப்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசிவைத்தபடியே மூன்று பேரும் அட்டை வைத்தார்கள். தொண்டையைக் கனைக்காமல் ஞானதுரை மஞ்சளும் வைத்தார். கடைசிவரை கிணறு வற்றவில்லை. ஜெயபிரியா கூடத்திலிருந்த எல்லோரையும் அழைத்து அந்த விரிப்பைக் காட்டினாள். ஒத்துமையா இருந்தா தண்ணி நிக்கும்ங்கதுக்கு இந்தக் கெணறுதான் சாட்சி என்றாள். கை தட்டினார்கள். நான்கு பேரையும் நெருங்கி உட்காரச் சொல்லிப் போட்டோ எடுத்தாள். ஞானதுரை துண்டைச் சரிசெய்துகொண்டு ஆனந்தவள்ளிக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

டீயும் முறுக்கும் கொடுத்தார்கள். வெளியே குழாயடியில் ஆனந்தவள்ளி தன் டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஜெயபிரியா பின்னாலேயே வந்தாள். கூடத்துக்குள் இருந்த உற்சாகம் இப்போது முகத்தில் இல்லை. யாராவது சொரிமுத்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

“கேட்கக் கூடாதுதான். ஏம்மா ஒரு தடவைகூட ஒண்ணும் வைக்கல?”

“ஒண்ணும் தோணல.”

ஜெயபிரியா, விளையாட்டு முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கிடைத்தது என்று எழுத வேண்டும் என்றும், உங்கள் பெயருக்கு நேரே எழுத ஒன்றும் இல்லை, அதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனந்தவள்ளி டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினாள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சாப்பிட்டியாம்மா என்று கேட்டாள்.

திரும்பும்போது சுகிர்தத்துக்குக் கடையில் வேலை இருந்ததால் ஆனந்தவள்ளி தனியாகக் குளத்தங்கரை வழியே வந்தாள். மேற்கே மலை மேகத்துக்குள் இருந்தது. குற்றாலத்தில் சீசன் என்று ரோட்டில் வேன்கள் போய்க்கொண்டிருந்தன. இங்கே சாரல் முகத்தை நனைக்கும், மண்ணை நனைக்காது. கிணற்றுப் பக்கம் வந்தபோது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஞானதுரையின் மோட்டார். ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே போட்டுவிட்டு வந்திருக்கிறார். தண்ணீர் அவருடைய ஏத்தன் வாழைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஓணத்துக்குப் புளியறை வழியாகக் கேரளாவுக்கு ஏறப்போகும் நேந்திரம். எல்லா மரமும் குலை தள்ளி நின்றது. நல்ல வாழை.

கிணற்றில் ஆளுக்கொரு மோட்டார், நான்கு பங்குக்கு நாளுக்கு ஒருவராக முறை. நேற்று ஞானதுரை முறை, முந்தாநாள் முகம்மது மீரான், அதற்கு முந்தின நாள் சுகிர்தம். அப்படியானால் இன்றைக்கு யார் என்று அவள் யோசித்தாள். ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இது அவளுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஒரு வருடமாக அவள் முறைத் தண்ணீர் மூன்று பேரில் தேவைப்பட்டவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. தண்ணீரைக் கட்டிவைத்து என்ன செய்ய என்று நினைத்திருக்கிறாள். நினைத்தாளா என்பதுகூட நிச்சயமில்லை. இப்போதும் கோபம் வருகிறதா என்று நின்று பார்த்தாள். வரவில்லை. வாய்க்கால் ஓரம் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய் அரிசி களைந்து வைத்தாள்.

நான்கு நாள் கழித்து அவள் முறை நாள் மறுபடி வந்தது. காலையில் வழக்கம்போல அலமாரியில் போன் அடித்தது. அடித்து முடிகிறவரை ஆனந்தவள்ளி அடுப்படியிலேயே நின்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள். கதவைப் பூட்டினாள். மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஏன் போகிறாய் என்று யாராவது வழியில் கேட்டிருந்தால் திரும்பியிருப்பாள். யாரும் எதிரே வரவில்லை.

ஞானதுரை தன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இவளைக் கண்டதும் விரல் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

“என்னம்மா, இங்கன?”

“இன்னைக்கு என் முறைல்லா அண்ணாச்சி.”

அவர் விரலை எடுத்தார். பெட்டியின் மூடியைச் சாத்தினார். அது சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி திறந்து சாத்தினார். “ஆமா. ஒன் முறைதான்” என்றார். அவள் வயல் பக்கம் பார்த்தார். கோரையும் நெருஞ்சியும் மண்டி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உழவும் இல்லை, வரப்பும் வெட்டவில்லை.

“நாத்து எதும் சொல்லிருக்கியா?”

“இல்ல.”

“உளுந்தா?”

“இல்ல. ஒண்ணும் வைக்கல. சும்மா பாயட்டும்.”

ஞானதுரைக்கு அறுபது வயதிருக்கும். அவர் எதைச் சொல்ல நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. சொரிமுத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது, சாப்பாடு அனுப்பியது, எதையும் அவர் சொல்லவில்லை. சொல்கிற மனுஷனும் இல்லை. வாழையைத்தான் சொன்னார்.

“காய் பெருக்குத நேரம்மா. மூணு நாளு தண்ணி இல்லன்னா காய் சூம்பிரும். அங்கன வீணாத்தானே போவும்?”

“தெரியும் அண்ணாச்சி.”

அவளுக்கு உண்மையாகவே தெரிந்தது. வாழையைப் பார்த்தாள். இலைகள் அதிகாலைச் சாரலில் பளபளத்தன. அவர் கேட்பதில் நியாயம் இருந்தது. அன்று விரிப்பில் அவர் சொன்ன கணக்கில் இருந்ததைப்போல அவ்வளவு நியாயம். அவளிடம் பதில் சொல்ல ஒரு நியாயமும் இல்லை. தன் பெட்டியைத் திறந்தாள். சிலந்தி கூடு கட்டியிருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமிவிட்டு நின்றது. மறுபடியும் அழுத்தினாள், மறுபடியும் நின்றது. ஞானதுரை இரண்டடி முன்னால் வந்தார். கை கொடுக்கவா, தடுக்கவா என்று தெரியவில்லை. ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்காது. மூன்றாவது தடவை கிணற்றுக்குள் ஏதோ அசைந்து, குழாய் இருமி, துருநிறத்தில் ஒரு வாய் தண்ணீரைத் துப்பியது. பிறகு தெளிந்து விழுந்தது.

அவள் வாய்க்காலை வெட்டிவிட்டாள். தண்ணீர் தூசியைச் சுருட்டிக்கொண்டு மெதுவாக வந்து வயலுக்குள் இறங்கியது. வந்த வேகத்துக்கு வெடிப்புகள் குடித்தன. ஒரு பாளத்துக்கும் அடுத்த பாளத்துக்கும் நடுவே நுரை பொங்கிப் பொங்கி உள்ளே போனது. உள்ளேயிருந்து பிள்ளைப்பூச்சிகளும் கறுப்பு வண்டுகளும் ஏறி வந்து காய்ந்த கட்டிகளின் மேல் நின்றன. எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. ஆனந்தவள்ளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி நின்றாள். சேறு விரல்களுக்கு நடுவே ஏறியது. ஞானதுரை போகவில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறியபோது வயலின் கீழ்மூலை வரை தண்ணீர் எட்டியிருந்தது. அங்கே வரப்புக்கு அடியில் ஒரு நண்டு வளை. தண்ணீர் அதற்குள் சுழித்து இறங்கி, வரப்பின் மறுபக்கம் ஞானதுரையின் வாழைக்குள் விரல் கனத்துக்குக் கசிந்து ஓடத் தொடங்கியது. முதல் வாழையின் தூரைச் சுற்றி மண் கறுத்தது. ஒரு மிதி மிதித்துக் கட்டி ஒன்றை வைத்தால் அடைந்துவிடும். மம்பட்டி அவள் கையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிணற்றுச் சுவரிலிருந்து எழுந்து வந்த ஞானதுரையும் வரப்பின் மறுபக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இரண்டாவது வாழையைத் தொட்டது.